விரல் மடங்கும் நேரம்

வியாழன், 2 அக்டோபர்

மழை. நாலு மணிக்குப் பிடிச்சது, இன்னும் தூறல்.

"அக்கா, இவ்வளவு நேரங்கழிச்சு எழுதறேன், மன்னிச்சிரு. யாழினியை இப்பத்தான் தூங்க வச்சேன்." போன்ல இவ்வளவுதான் தட்டினேன். மேல என்ன எழுதறதுன்னு தெரியல. அழிச்சிட்டேன். மணி 11.40. தங்கா பத்து ஊர்ல அக்கா எப்பவோ தூங்கியிருப்பா, காலை ஷிப்ட்.

சாயங்காலம் அவ குரல்ல ஒரு மெசேஜ்: "ஏய் தேவி, தீவாளி முறுக்கு எந்தச் சனிக்கிழமை? அம்மா கேக்கறாங்க. கை எப்படி இருக்கு? சும்மா ஓகே ஓகேன்னு சொல்லாதே லா." நான் ஓகேன்னுதான் சொல்ல இருந்தேன்.

சரி, இந்த நோட்டு. ஆஸ்பத்திரி டயட்டீஷியன் போன்ல குடுத்த வேலை. 14-ம் தேதி வர்றவரைக்கும் எழுதி வைக்கணும்: என்ன சாப்பிட்டேன், என்ன மாத்திரை, காலையில விரல் மடங்க எவ்வளவு நேரமாகுது. "அழகா எழுத வேணாம், உண்மையை எழுதுங்க"ன்னாங்க. உண்மையை எழுதினா இதை அவங்ககிட்டக் குடுக்க முடியாது. வேற நோட்டுல சுத்தமா எழுதிக் குடுத்துக்கலாம். இது எனக்கு.

உண்மை 1. ரெண்டு கையிலயும் விரல் முட்டி வீக்கம். யாழினிக்கு ரெண்டு மாசம் ஆனப்போ ஆரம்பிச்சது. இப்ப அவளுக்கு அஞ்சு.

உண்மை 2. இங்க குருபோங்ல கிளினிக் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து வைட்டமின் டி குறைவுன்னார். அதோட நிறுத்தல. ரத்தத்துல இன்னொண்ணும் சரியில்ல, பெரிய ஆஸ்பத்திரியில மூட்டு டாக்டரைப் பாருங்கன்னு கடிதம் குடுத்தார்.

உண்மை 3. ஆகஸ்ட்ல குடுத்த தேதிக்கு நான் போகல. வீட்டுக்காரர்கிட்ட, ஆஸ்பத்திரியே தள்ளி வச்சிட்டாங்கன்னு சொன்னேன். (குமரன்னு முழுசா எழுத விரல் வலிக்குது. இனிமே அவர் கு., யாழினி யா.) தள்ளி வச்சது நான்.

ஏன்? மூட்டு டாக்டர் குடுக்கற மாத்திரையைச் சாப்பிட்டா பிள்ளைக்குப் பால் குடுக்கக் கூடாதுன்னு படிச்சேன். இன்னொண்ணு, "குறைவு"ங்கற வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டேன். குறைவுன்னா நிரப்பலாம்தானே. ஒழுங்கா சாப்பிட்டு நிரப்பிட்டா ஆஸ்பத்திரிக்கே போக வேண்டியிருக்காது. இப்படித்தான் கணக்குப் போட்டேன், டிகிரி படிச்சவ.

இன்னிக்குச் சாப்பிட்டது: காலையில பிஸ்கட் 4, மைலோ. மத்தியானம் சோறு, சாம்பார், மிச்ச கோழி. ராத்திரி யா. அழுதா, மறந்துட்டேன்.


வெள்ளி, 3 அக்டோபர்

நல்ல வெயில். எழுந்தது 6.30. விரல் முழுசா மடங்கினது 9.10.

நாசி லெமாக் பாதி, முட்டை 1, கொய்யா 1.

யா.வோட சட்டைப் பித்தான் போட முடியல. கயிறு வச்ச சட்டையும் முடியல. வெறும் பனியனோட விட்டேன்.

10 மணிக்கு வாசல்ல வெயில்ல நின்னோம், வை. டி-க்காக. பக்கத்து வீட்டு மெர்சி ஆன்ட்டி கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து: "என்னம்மா, பிள்ளையைக் காயப் போட்டிருக்கே?"

"வைட்டமின் டி ஆன்ட்டி."

"கறுத்துப் போவீங்க லா ரெண்டு பேரும். அதான் நம்மகிட்ட டப்பாவுல இருக்கே."

ஆன்ட்டி ரிட்டயர்ட் டீச்சர். அவங்க சர்ச்சுல பாதிப் பேர் அவங்ககிட்டதான் வைட்டமின் வாங்கறாங்க. நான் வியாபாரத்துக்குச் சொல்லல, உன் அம்மா மாதிரி சொல்றேன்னு ஆரம்பிச்சா அரை மணி நேரம். முழங்கால்ல பட்டை கட்டியிருந்தாங்க. கேட்டே விட்டேன்.

"இத்தனை வருஷமா நீங்களே சாப்பிடறீங்க, உங்க முட்டி ஏன் ஆன்ட்டி இப்படி?"

"சாப்பிடாம இருந்திருந்தா இந்நேரம் சக்கர நாற்காலி லா!"

ஒரு டப்பா வாங்கிட்டேன். மூடியை ஆன்ட்டியே திறந்து குடுத்துட்டுப் போனாங்க. என் கையைப் பார்த்துட்டாங்கன்னு நினைக்கிறேன்.

இப்ப ஷெல்ப்ல:
– கிளினிக் குடுத்த டி
– மீன் ஈரல் எண்ணெய்
– மல்டிவைட்டமின்
– மாசமா இருந்தப்போ வாங்கின மாத்திரை, மிச்சம்
– தண்ணியில கரையற சி
– பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) கு. வாங்கின மஞ்சள் கேப்சூல், பேர் தெரியாது
– ஆன்ட்டி டப்பா

கு. வேலை முடிஞ்சு வந்து பார்த்துட்டு, "பார்மசி திறக்கப் போறியா?"

"ஆமா, நீங்கதான் முதல் கஸ்டமர்."

சிரிச்சார். அப்புறம், "ஆஸ்பத்திரி தேதி எப்ப?"

"14."

"இந்த வாட்டியும் அவங்க தள்ளி வச்சா நான் நேர்ல போய்க் கத்துவேன்."

சோறு போட எழுந்து வந்துட்டேன்.


ஞாயிறு, 5 அக்டோபர்

மேகமூட்டம். விரல் 9.00. பத்து நிமிஷம் சீக்கிரம்! கொய்யாவா? வெயிலா? ஆன்ட்டி டப்பாவா? எதுன்னு தெரியாம எல்லாத்தையும் தொடரணும்.

பாசார்: கெம்போங் மீன், முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டை. பையை முழங்கைல மாட்டிக்கிட்டு வந்தேன்.

மத்தியானம் யா. தூங்கினப்போ படிச்சது. ஒருத்தர் டி குறைஞ்சா மூட்டு நோய் வரும்னு எழுதறார். இன்னொருத்தர், நோய் வந்தவங்களுக்கு டி குறைவா இருக்கறதைத்தான் பார்த்திருக்காங்க, எதால எது வந்துச்சுன்னு சொல்ல முடியாதுங்கறார். ஒருத்தர் சி நல்லதுங்கறார். அடுத்தவர் அளவுக்கு மேல வேணாம்ங்கறார். நாலு பக்கம் திறந்து வச்சு, எனக்குப் பிடிச்ச வரியை மட்டும் பொறுக்கிட்டு மூடினேன்.

ஒண்ணு மட்டும் மனசை விட்டுப் போகல. பத்தியம். யா. பொறந்து நாப்பது நாள் அம்மா இங்கேயே இருந்து பார்த்துக்கிட்டாங்க. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, மருந்து உருண்டை. பழம் குளிர்ச்சி, கண்ணுல காட்டல. கீரை ஆகாது. வாசல்படி தாண்டக் கூடாது. ஜன்னல் திரை கூட மூடித்தான். நாப்பது நாள் வெயிலே படாம, பழமே இல்லாம. அது முடிஞ்சு மூணே வாரத்துல விரல் வீங்குது.

அம்மாகிட்ட இதைச் சொல்லல. சொல்லவும் மாட்டேன்.


செவ்வாய், 7 அக்டோபர்

விரல் 9.40.

யா.வைக் குளிப்பாட்டினப்போ.

தொட்டியில தண்ணி கொஞ்சம்தான். சோப்பு. இடது கை அவ கழுத்துக்குக் கீழ. பிடி விட்டுப் போச்சு. வழுக்கல, பிடியே போச்சு. கை இருக்கு, விரல் மூடல. அவ தலை தண்ணிக்குள்ள போய், நான் முழங்கையால தூக்கி, ஒரு நொடிதான். இருமினா. அப்புறம் சிரிச்சா. அவளுக்கு விளையாட்டு.

துண்டுல சுத்தி மடியில வச்சுக்கிட்டு பாத்ரூம் தரையிலயே உட்கார்ந்திருந்தேன்.

கு.கிட்ட சொல்லல. யார்கிட்டயும் சொல்லல.

14-க்குப் போறேன். பாலை நிறுத்தச் சொன்னாலும் போறேன்.

சாப்பிட்டது: தெரியல. ஏழு பாட்டிலும் போட்டேன்.


சனி, 11 அக்டோபர்

சுங்கை ரம்பாய், அம்மா வீடு. காலையில வெயில், மூணு மணிக்கு இடி. விரல் 9.30.

முறுக்கு நாள். அப்பா போனதுக்கப்புறம் வருஷா வருஷம் இங்கதான், மூணு பேரும் சேர்ந்து. அம்மா மாவு பிசையறது, அக்கா பிழியறது, நான் எண்ணெய். இந்த வருஷம் நடந்தது:

அம்மாவால பிசைய முடியல. அது ரெண்டு வருஷமாவே அப்படித்தான். அம்மாவோட விரல் எல்லாம் சுண்டுவிரல் பக்கமா சாஞ்சிருக்கும், காத்துல சாஞ்ச லாலாங் புல்லு மாதிரி. இருபது வருஷத்துக்கு மேல எஸ்டேட்ல ரப்பர் பால் வெட்டின கை. சின்ன வயசுலேர்ந்து எங்களுக்குத் தெரிஞ்சது அதுதான். யார் கேட்டாலும் "பால் வெட்டின கை"ன்னு கொஞ்சம் பெருமையாவே சொல்லுவோம்.

மாவை நான் உள்ளங்கையால அமுக்கி அமுக்கி ஒப்பேத்தினேன். முறுக்கு அச்சு மரத்துல செஞ்சது, ரெண்டு கையாலயும் பிடிச்சு அழுத்தணும். அக்காகிட்ட நீட்டினேன்.

"நீ பிழி. இந்த வாட்டி நான் எண்ணெய் பார்த்துக்கறேன்."

"என்னால முடியாதுக்கா, கை தெரியும்ல."

"எனக்குத் தோள் பிடிச்சிருக்கு லா. பேக்டரில ஏர்கோன் நேரா மேலேயே அடிக்குது."

அம்மா: "குடுங்கடி, நான் பிழியறேன்."

"நீங்க சும்மா இருங்கம்மா!" ரெண்டு பேரும் ஒரே நேரத்துல.

எண்ணெய் காயுது, மூணு பொம்பளைங்க, அச்சைத் தொட ஆளில்ல. கடைசியில அக்கா வாசல் பக்கம் பார்த்துக் கூப்பிட்டா: "குமரா! வந்து முறுக்கு பிழி. மலேசியாவிலேயே மோட்டார் மெக்கானிக் பிழிஞ்ச முறுக்கு நம்ம வீட்டுலதான்."

கு. யா.வை அம்மா மடியில விட்டுட்டு வந்தார். முதல் முறுக்கு எண்ணெய்ல விழுந்து விரிஞ்சது.

அக்கா: "இது முறுக்கா, மலாக்கா மேப்பா?"

"சாப்பிடறப்ப எல்லாம் ஒண்ணுதான் அண்ணி."

"இந்தா, குருபோங்கைக் காணோம். அதையும் பிழி."

அம்மா சிரிச்சுச் சிரிச்சு இருமிட்டாங்க. ரொம்ப நாளாச்சு இப்படி. ஒரு போட்டோ எடுத்தேன்: அம்மா, மடியில யா., பக்கத்துல அக்கா தட்டை ஏந்திக்கிட்டு.

அக்கா கழுத்துச் செயின்ல கல்யாண மோதிரம் கோர்த்திருந்தா. என்ன ஸ்டைலான்னு கேட்டேன். "பேக்டரில மோதிரம் போட விடமாட்டாங்க லா. கழட்டிக் கழட்டி வச்சா தொலைஞ்சிரும்."

மத்தியானம் அம்மா முருங்கைக்கீரை சூப் கொண்டு வந்து என் முன்னால வச்சாங்க. "குடி. எலும்புக்கு நல்லது."

எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியல. சொல்லிட்டேன். "இதை அப்பவே குடுத்திருக்கணும். நாப்பது நாள் ஒரு கீரை குடுக்கல, ஒரு பழம் குடுக்கல, வெயில் பட விடல. உங்க பத்தியத்தாலதான் என் கை இப்படி."

அக்கா, "தேவி!"ன்னா.

அம்மா சூப்ல மிதந்த கீரைக் காம்பை எடுத்துப் போட்டாங்க, அந்தச் சாஞ்ச விரலால, மூணு தடவை முயற்சி பண்ணி. அப்புறம்:

"எனக்கும் நீ பொறந்தப்பதான் வந்துச்சு."

"என்னது?"

"இந்தக் கை. பிரசவ லீவு முடிஞ்சு வெட்டுக்குப் போனேன். முத நாளே கத்தி கையில நிக்கல. காலையில விரல் திறக்காது, ஒம்பது மணி ஆகும். சும்மா வீட்டுல இருந்து கை சொணங்கிப் போச்சுன்னான் வேலை வாங்கற மண்டோர். அப்புறம் பால் வெட்டற கை அப்படித்தான் ஆகும்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் சரின்னு விட்டுட்டேன்."

"எங்ககிட்ட சொல்லவே இல்லையேம்மா."

"என்னத்தச் சொல்ல. மூத்தவ பொறந்தப்ப என் மாமியார் இருந்து பத்தியம் போட்டாங்க. நீ பொறந்தப்ப அவங்க இல்ல, போட ஆளில்ல. பச்சை ஒடம்போட பழையதைத் தின்னுட்டு, தண்ணியில நின்னு துணி துவைச்சேன். பத்தியம் இல்லாததாலதான் கை போச்சுன்னு நானே நெனச்சுக்கிட்டேன். அதான் உனக்கு அவ்வளவு கண்டிப்பாப் போட்டேன். உனக்காவது வரக் கூடாதுன்னு."

சூப்பைக் குடிச்சேன். வேற என்ன செய்யறது. உப்பு போட மறந்திருந்தாங்க.

கார்ல வர்ற வழியெல்லாம் பின்னால முறுக்கு டின் ஆடிக்கிட்டே வந்தது.


ஞாயிறு, 12 அக்டோபர்

மழை. விரல் 10.00.

கு. பிழிஞ்ச முறுக்கு 6. வைட்டமின் எதுவும் போடல. போடப் பிடிக்கல.

அம்மாவுக்குப் போன் பண்ண எடுத்து எடுத்து வச்சேன்.


செவ்வாய், 14 அக்டோபர்

காலையில வெயில், திரும்பறப்ப மழை. விரல் பார்க்கல. 6 மணிக்கே கிளம்பிட்டோம். யா. கு.வோட கார்லயே. பால் குடுக்க நடுவுல ரெண்டு தடவை இறங்கி ஓடினேன்.

முதல்ல டயட்டீஷியன், ஒரு மலாய்க்கார அம்மா, புவான்னு கூப்பிடணும். சுத்தமா எழுதின நோட்டைப் படிச்சாங்க. பாட்டில் எல்லாத்தையும் கொண்டு வரச் சொல்லியிருந்தாங்க, ஏழையும் மேசையில வரிசையா வச்சேன். ஒவ்வொண்ணா திருப்பி, பின்னால இருக்கற சின்ன எழுத்துல பேனாவால வட்டம் போட்டாங்க. மூணு பாட்டில்ல வைட்டமின் ஏ.

"ஒரே சாமானை மூணு கடையில வாங்கியிருக்கீங்க. ஏ ஒடம்புல தங்கிரும், ரொம்பச் சேர்ந்தா கெடுதல். பிள்ளைக்குப் பால் வேற குடுக்கறீங்க."

பேர் இல்லாத மஞ்சள் கேப்சூலை மேசை ஓரமாத் தள்ளி வச்சாங்க, செத்த கரப்பானைத் தள்ற மாதிரி. கிளினிக் டி மட்டும் தொடரணும். மத்தது ஷெல்ப்ல வேணாம். கெம்போங் மீன், கொய்யா, கீரை, முட்டைக்கெல்லாம் சரி, சரி, சரின்னு டிக்.

"அப்ப இப்படியே சாப்பிட்டா கை சரியாயிருமா புவான்?"

பேனாவை மூடினாங்க. "நல்லா சாப்பிடணும், குறைஞ்சதை நிரப்பணும். அது உங்க ஒடம்புக்கு. இந்த நோய்க்கு மருந்து வேணும். சாப்பாட்டுக்காக மருந்தைத் தள்ளி வைக்காதீங்க."

அவங்களுக்கு ஆகஸ்ட் தெரிஞ்சிருக்குமோ.

அப்புறம் மூட்டு டாக்டர். சீனப் பொண்ணு, என் வயசு இருக்கும். விரல் முட்டி ஒவ்வொண்ணா அமுக்கினார். எக்ஸ்ரே. குடும்பத்துல யாருக்காவது மூட்டு நோய் இருக்கான்னு கேட்டார். இல்லன்னேன். அப்புறம், "அம்மாவுக்குக் கை வளைஞ்சிருக்கும். ஆனா அது ரப்பர் வெட்டினதால"ன்னேன். வாய் பழகிப் போச்சு. சனிக்கிழமை அவ்வளவு கேட்டதுக்கப்புறமும் அதுதான் வந்தது.

டாக்டர் எழுதறதை நிறுத்தினார். போட்டோ இருக்கான்னு கேட்டார். முறுக்குப் போட்டோவைக் காட்டினேன். பெருசு பண்ணி அம்மா கையை ரொம்ப நேரம் பார்த்தார். கத்தி பிடிச்ச கை வலிக்கும், காய்க்கும், தேயும். ஆனா ரெண்டு கையும் ஒரே மாதிரி இப்படிச் சாயறது வேற விஷயம், நேர்ல பார்க்காம முடிவா சொல்ல முடியாதுன்னார். "எந்த டாக்டரைப் பார்க்கறாங்க?"

"தைலம் போடறாங்க."

"கூட்டிட்டு வாங்க. இப்பவும் செய்ய முடிஞ்சது இருக்கும்."

நோயோட பேர் சொன்னார். முடக்கு வாதம். அம்மாவோடது போல ஆகுமான்னு கேட்டேன். உங்க அம்மாவுக்கு யாரும் மருந்து குடுக்கல, உங்களுக்கு இன்னிக்கே ஆரம்பிக்கறோம்னார். ஒரு விரல் எலும்போட ஓரத்துல மட்டும் கொஞ்சம் அரிப்பு ஆரம்பிச்சிருக்கு, மத்ததெல்லாம் சரியா இருக்கு. ஆகஸ்ட்ல வந்திருந்தா அந்த ஒண்ணும் இருந்திருக்காதான்னு கேக்கல. பதில் வேணாம்.

"பால் நிறுத்தணுமா?"

"வேண்டாமே. பால் குடுக்கறப்ப சாப்பிடக் கூடிய மருந்துதான் எழுதியிருக்கேன். யார் நிறுத்தச் சொன்னது?"

யாரும் சொல்லல.

பத்தியத்தைப் பத்தியும் கேட்டேன். இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, நாப்பது நாள் பழம் இல்ல, வெயில் இல்லன்னு சொன்னேன். பிரசவத்துக்கு அப்புறம் இது சிலருக்குத் தலைதூக்கும், அம்மா சமைச்சதால வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாதுன்னார். கூடப் பொறந்தவங்க இருக்காங்களா? "ஒரு அக்கா. அவளுக்கு ஒண்ணும் இல்ல."

மருந்து கவுண்டர்ல நம்பருக்குக் காத்திருந்தப்போ மறுபடி அந்தப் போட்டோ. பெருசாவே நின்னிருந்தது. விரலால நகர்த்தினேன். அம்மா கை. யா. தலை. அக்கா, முறுக்குத் தட்டு.

தட்டை விரலால பிடிக்கல. ரெண்டு மணிக்கட்டுக்கும் நடுவுல ஏந்தியிருக்கா. நான் இப்ப டீ கப் தூக்கற மாதிரியே.


புதன், 15 அக்டோபர்

வெயில். விரல் 9.35. முதல் மாத்திரை நேத்து ராத்திரி. வேலை செய்ய வாரக் கணக்கு ஆகும்னு சொல்லிட்டாங்க. அதனால எதிர்பார்க்கல. ஆனாலும் ஆசையாப் பார்த்தேன்.

காலையில கு.கிட்ட எல்லாம் சொன்னேன். ஆகஸ்ட். குளியல் தொட்டி. திட்டுவார்னு நினைச்சேன். லீவு போட்டுட்டு யா.வைக் குளிப்பாட்டப் போயிட்டார். தண்ணிச் சத்தத்துக்கு நடுவுல அவர் மூக்கை உறிஞ்சறது கேட்டது. வெளியே வந்து, "இனிமே இது என் வேலை"ன்னார்.

ஆன்ட்டி டப்பாவை என்ன செய்யறதுன்னு தெரியல. திருப்பிக் குடுத்தா மனசு கஷ்டப்படும். ஷெல்ப்லேர்ந்து எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால வச்சேன்.

அம்மாவுக்குப் போன். முதல்லயே சொல்லிட்டேன், அன்னிக்குப் பேசினது தப்பும்மான்னு.

"டாக்டர் என்ன சொன்னாரு? பத்தியத்தாலதானாமா?"

"இல்லம்மா. பத்தியத்தால வந்துச்சுன்னு சொல்லவே முடியாதாம்."

"அப்ப எனக்கு, பத்தியம் இல்லாததால..."

"அதுவும் இல்ல. பால் வெட்டினதாலயும் இருக்காதாம். உங்களையும் பார்க்கணும்னாங்க."

கோழி கத்தறது மட்டும் கேட்டது. அப்புறம், "சும்மா அந்த மண்டோரை இத்தனை வருஷமா திட்டிட்டேன்"ன்னாங்க. வர்றதா இல்லையான்னு சொல்லல. எந்தச் சேலை கட்டிட்டு வரணும்னு கேட்டாங்க.

சாப்பிட்டது: இட்லி 3, சட்னி. மத்தியானம் கெம்போங் மீன் குழம்பு, கீரை. பப்பாளி. டி ஒண்ணு. மருந்து.

அக்காவுக்கு மூணு தடவை எழுதி அழிச்சேன். முதல்ல ரொம்ப நீளம். அப்புறம் ரொம்பப் பயமா இருந்தது. கடைசியா அனுப்பினதை இங்க எழுதி வைக்கிறேன்:

"அக்கா, எனக்கு வந்திருக்கறது அம்மாவுக்கு இருக்கற அதே நோயா இருக்கலாமாம். பால் வெட்டினதால இல்ல. முறுக்குத் தட்டை நீ எப்படிப் பிடிச்சிருந்தேன்னு போட்டோவுல பார்த்தேன். ஏர்கோன், தோள், பேக்டரி ரூல் எல்லாம் சொல்லாதே. தீவாளிக்குத்தான் லீவாச்சே, அன்னிக்கு மோதிரத்தை விரல்ல போட முடியுமா உனக்கு? காலையில விரல் மடங்க எத்தனை மணி ஆகுது? நானும் மூணு மாசம் பொய் சொன்னேன், அதான் கேக்கறேன். எவ்வளவு நேரமானாலும் பரவால்ல, முழிச்சிருப்பேன். சீக்கிரம் பதில் போடு."